வால் விளக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் வாசகர் பகுதியில் ஒருவர், அறுபது தாண்டியவர்களை மலை ஏறவே விடக்கூடாது, அவர்களால் தீயணைப்பு மீட்புப் படையினரான போம்பாகாரர்களுக்குத்தான் வீண் தொல்லை என்று எழுதியிருந்தார். காலைத் தேநீரோடு படித்தேன். எனக்கு வயது 63. கடந்த ஜூலையில் குனோங் தாஹான் மலைக்குப் போய்விட்டு வந்தேன். இடது கால் பெருவிரல் நகம் இன்னும் கறுத்துப்போய்த்தான் இருக்கிறது. அதனால் பதில் எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

நான் செந்தூல்காரன். ரயில்வேயில் 34 வருடம் வேலை பார்த்தவன். அதில் பாதிக்கு மேல் கிழக்குப் பாதையில், அதாவது கிம்மாசிலிருந்து தும்பாட் வரை காட்டுக்குள் போகும் அந்த ஒற்றைத் தண்டவாளத்தில் கழிந்தது. கோலா லிப்பிசுக்கும் குவா மூசாங்குக்கும் நடுவில் மெராப்போ என்று ஒரு சின்ன ஸ்டேஷன் உண்டு. அங்கே வேலையாகப் போகும்போதெல்லாம் முதுகில் பெரிய மூட்டையோடு இளைஞர்கள் இறங்குவதைப் பார்ப்பேன். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் தாஹான் என்பார்கள். நாலு நாள் கழித்து அதே பிள்ளைகள் நொண்டிக்கொண்டு வருவார்கள், முகம் மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கும். ஓய்வு பெற்றதும் நாமும் ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும் என்று அப்போதே மனசில் போட்டு வைத்தேன்.

என் தம்பி மகன் ஒரு மலையேறும் கூட்டத்தில் இருக்கிறான். எல்லாரும் கிள்ளான் பள்ளத்தாக்குப் பிள்ளைகள், இருபத்தைந்து முப்பது வயது. கூட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம், நல்ல பிள்ளைகள்தான். வாட்ஸ்அப்பில் வந்த அறிவிப்பில் 'நான்கு நாள், மூன்று இரவு, நடுத்தரக் கடினம்' என்றும், மூன்றாம் நாளுக்கு 'சிகரம், பிறகு கேம் கோர் வரை இறக்கம்' என்றும் போட்டிருந்தது. கேம் கோர் என்பது அடிவாரப் பக்கத்து முகாம். அவ்வளவுதான். இறக்கம் என்ற அந்தச் சொல்லைப் பார்த்து நான் ஏமாந்துபோனேன். ஏற்றம்தானே கஷ்டம், இறங்குவதற்கு என்ன என்று நினைத்துவிட்டேன்.

பயிற்சி செய்யாமல் போகவில்லை. மூன்று மாதம், ஞாயிறு தவறாமல் பத்துமலைக்குப் போய், பையில் 10 கிலோ அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு 272 படியையும் எட்டுத் தடவை ஏறி இறங்கினேன். மூன்றாவது வாரம் பூ விற்கும் அம்மா ஒருவர், "என்ன வேண்டுதல் ஐயா?" என்று கேட்டார். தாஹான் மலைக்கு என்றேன். அது எந்தக் கோயில் என்று கேட்டார். இதில் நான் செய்த தவறு பிறகுதான் புரிந்தது. பத்துமலையில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். தாஹானில் கைப்பிடி கிடையாது.

இன்னொரு தவறு என் மூட்டை. கிளம்பும் அன்று நிறுத்துப் பார்த்தால் 17 கிலோ. தம்பி மகன் பாதியை வெளியே எடுத்துப் போட்டான், அவன் போனதும் நான் திரும்ப உள்ளே வைத்தேன். அதில் என் மனைவி கொடுத்த எலுமிச்சை ஊறுகாய் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் இருந்தது. கண்ணாடிப் பாட்டிலோடு தாஹான் ஏறிய ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சுங்கை ரெலாவில், தாமான் நெகாரா தேசியப் பூங்காவின் வாசலில், உள்ளே கொண்டு போகும் பிளாஸ்டிக், டின், பாக்கெட் எல்லாவற்றையும் எண்ணி எழுதிக்கொள்கிறார்கள், திரும்பும்போது அத்தனையையும் காட்ட வேண்டும். நல்ல ஏற்பாடு. அங்கிருந்த அதிகாரி என் பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, என்னையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, எழுதிக்கொண்டார்.

முதல் நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கோலா ஜூராம் வரை ஜீப், அப்புறம் நடை, சில இடங்களில் ஆற்றுக்குள் இறங்கிக் கடப்பது, அட்டைகள், கேம் கோரில் படுக்கை. இரண்டாம் நாள்தான் மலை தன் முகத்தைக் காட்டியது. அங்கே முகாம்களுக்கு வைத்திருக்கும் பெயர்களே பாதையைச் சொல்லிவிடும். பெர்மாத்தாங் என்றால் மேட்டு முதுகு, கூபாங் என்றால் விலங்குகள் புரளும் சேற்றுக்குழி, பெலூமுட் என்றால் பாசி படர்ந்தது. பெலூமுட்டில் மரம், கல், வேர் எதையும் பிரித்துப் பார்க்க முடியாது, எல்லாவற்றுக்கும் பச்சைக் கம்பளி போர்த்தியது போல இருக்கும். அதற்கு மேலே போன்சாய். ஆளுயர மரங்கள், ஆனால் கிழட்டு மரங்கள், காற்றிலும் மண் இல்லாத பாறையிலும் வளர்ந்து முறுக்கிக்கொண்டவை. அதற்கும் மேலே போத்தாக், மொட்டை. நான் தோட்டத்தில் பிறந்தவன், காடு எனக்குப் புதிதல்ல. ஆனாலும் ஒரே நாளில் பெருமரக் காட்டில் தொடங்கி இடுப்பளவு புதரில் வந்து நிற்பது இதுதான் முதல் தடவை. அன்றிரவு போன்சாயில் தங்கினோம். நன்றாகத்தான் இருந்தேன்.

மூன்றாம் நாள் விடியற்காலை 3.30க்கு எழுப்பினார்கள். ஒரு மேகி, ஒரு கப் மைலோ. மூட்டையை முகாமிலேயே விட்டுவிட்டு, நெற்றி விளக்கோடு 4.30க்குக் கிளம்பினோம். போத்தாக்கைத் தாண்டும்போது வானம் வெளுத்தது. கீழே மேகம், மேலே நாங்கள். 2,187 மீட்டர், தீபகற்பத்தில் இதைவிட உயரமான இடம் இல்லை. நான் 7.40க்கு உச்சியில் இருந்தேன். நூறு மீட்டருக்கு அரை டிகிரிக்குச் சற்று அதிகமாகக் குளிர்கிறது என்று கணக்குப் போட்டால், செந்தூலில் என் வீட்டு வாசலைவிட ஏறக்குறைய 12 டிகிரி குறைவு. பல் தந்தியடித்தது. உச்சிக்குப் பக்கத்தில் குடுவைச் செடிகள் தண்ணீர் நிரம்பி நின்றன, ஒன்றில் எறும்பு மிதந்தது. பிள்ளைகள் படம் எடுத்தார்கள். கொடியோடு, கொடி இல்லாமல், குதித்து, படுத்து. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. எனக்கும் எடுத்தார்கள், அந்தப் படம் இப்போது வீட்டு ஹாலில் இருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தை இரவு நான்தான் கட்டப் போகிறேன் என்பது அப்போது தெரியவில்லை.

போன்சாய்க்குத் திரும்பும்போது மணி 11 தாண்டிவிட்டது. ஈரக் கூடாரத்தை மடித்து, மூட்டை கட்டி, 12க்குக் கிளம்பினோம். மதியச் சாப்பாடு என்று எதுவும் இல்லை, ஆளுக்கு நாலு பிஸ்கட். எனக்குப் பசியும் இல்லை. பசி இல்லாததே ஒரு அறிகுறி என்பதை எங்கள் மண்டோராக, அதாவது மேஸ்திரியாக இருந்தால் கண்டுபிடித்திருப்பார். நான் கண்டுபிடிக்கவில்லை. கூபாங் வரும்போது 3.15, மழை பிடித்துக்கொண்டது. தாஹானில் பிற்பகல் மழை பெரிய செய்தி இல்லை. ஆனால் அந்த மழைக்குப் பிறகு பாதை ஓடையாகிவிடுகிறது, வேர்கள் எண்ணெய் தடவியது போல ஆகிவிடுகின்றன.

இறக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஏறும்போது வாங்குவது மூச்சு. நின்றால் அது திரும்ப வந்துவிடும். இறங்கும்போது ஒவ்வொரு அடிக்கும் உடம்பும் மூட்டையும் சேர்ந்து ஒரு காலில் விழுகிறது, அந்த விழுதலைத் தொடைதான் இழுத்துப் பிடிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு தொடை பிடிக்காது, முட்டி பிடிக்கும். முட்டியும் களைத்தால் கட்டைவிரல் காலணியின் முனையில் போய் இடிக்கும். என் காலணி விலை கூடியது, மகள் வாங்கித் தந்தது. எங்களோடு வந்த மாலிம் குனோங், அதுதான் மலை வழிகாட்டி, போட்டிருந்தது கம்போங் அடிடாஸ். கறுப்பு ரப்பர் காலணி, என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போகும்போது போட்டுக்கொண்ட அதே வகை. அம்மாவின் காலணியைப் பார்த்துச் சின்ன வயதில் நான் வெட்கப்பட்டிருக்கிறேன். அந்த மனிதர் அதில் ஆடு மாதிரி இறங்கினார்.

பெர்மாத்தாங்கில் மணி 5.10. மற்றவர்களுக்குக் குளிர் எடுத்துவிட்டது. கூட்டத்தின் தலைவர் பையன் என்னிடம் வந்து, "அங்கிள், நீங்க மெதுவா வாங்க. நாங்க முன்னாடி போய் டெண்ட் போட்டு சாப்பாடு ரெடி பண்றோம்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். நானும் பெரிய மனுஷனாகச் சரி என்று தலையாட்டினேன். அவர்கள் குரல் கொஞ்ச நேரம் கீழே கேட்டது, அப்புறம் மழைச் சத்தம் மட்டும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். யாரும் என்னை வேண்டுமென்று விட்டுவிட்டுப் போகவில்லை. பிறகு விசாரித்தபோது தெரிந்தது இதுதான். தம்பி மகன், கடைசியில் இரண்டு பேர் என்னோடு வருவதாக நினைத்திருக்கிறான். அந்த இரண்டு பேர், தம்பி மகன் என்னோடு இருப்பதாக நினைத்திருக்கிறார்கள். வழிகாட்டி, பின்னால் ஆள் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார், இருக்கிறது என்று தலைவர் பதில் சொல்லியிருக்கிறான். ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் பெர்மாத்தாங்குக்குக் கீழே, மலையின் மிகச் செங்குத்தான பகுதியில், நான் ஒற்றை ஆள்.

நம் ஊரில் சூரியன் மறைய ஏழு மணி தாண்டும். பெருமரங்களுக்கு அடியில் அந்தக் கணக்கு செல்லாது. 6.30க்கெல்லாம் என் காலே எனக்குத் தெரியவில்லை. நெற்றி விளக்கைப் போட்டேன், மஞ்சளாக எரிந்தது. விடியற்காலையில் மூன்று மணி நேரம் எரிந்த பேட்டரி அது. மாற்று பேட்டரி மூட்டையின் அடியில், ஈரக் கூடாரத்துக்கும் கீழே. மழையில் அத்தனையையும் வெளியே கொட்ட மனம் வரவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கினேன், குழந்தை மாடிப்படி இறங்குவதுபோல. ஏழரை மணி இருக்கும், இரண்டு தொடையும் ஒரே நேரத்தில் சுண்டி இழுத்துக்கொண்டன. ஒரு வேரின்மேல் சாய்ந்துவிட்டேன்.

பயமா என்று கேட்டால், முதலில் இல்லை. இந்த நாட்டில் காட்டுப் புலிகள் 150கூட மிஞ்சவில்லை என்கிறார்கள். நாலாயிரத்து முந்நூறு சதுர கிலோமீட்டர் பரந்த தாமான் நெகாராவில் அதில் ஒன்று என்னைத் தேடியா வரப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த நிமிடமே, அந்த 150ம் இருப்பது இந்த மாதிரிக் காட்டில்தானே என்றும் தோன்றியது. கணக்கு எப்போதும் தைரியம் கொடுக்கும் என்று சொல்ல முடியாது.

கோடாலித் தைலத்துக்காகப் பையின் மேல் அறைக்குள் கையை விட்டேன். கையில் வந்தது ஊறுகாய்ப் பாட்டில். அன்றைக்கெல்லாம் வெறும் தண்ணீரையே குடித்து வியர்வையில் உப்பையெல்லாம் விட்டிருந்தேன். இரண்டு துண்டு எலுமிச்சையை விரலால் எடுத்து வாயில் போட்டு, எண்ணெயையும் நக்கி, தண்ணீர் குடித்தேன். பதினைந்து நிமிடத்தில் இழுப்பு விட்டது. ஊறுகாயால் விட்டதா, உட்கார்ந்ததால் விட்டதா என்று டாக்டரைத்தான் கேட்க வேண்டும். வீட்டில் நான் ஊறுகாய்க் கட்சி.

எட்டு மணிக்குக் கீழே ஒரு வெளிச்சம் தெரிந்தது, மேலே வந்துகொண்டிருந்தது. எங்களோடு சாமான் தூக்க வந்த ஒராங் அஸ்லி, அதாவது பழங்குடி இளைஞர், இருபது வயதுகூட இருக்காது. "பாச்சிக் செண்டிரியா?" என்றார். பெரியவரே, தனியாகவா என்று. ஆமாம் என்றேன். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. என் மூட்டையை வாங்கி மாட்டிக்கொண்டார். முன்னால் போவார் என்று பார்த்தேன், போகவில்லை. எனக்குப் பின்னால் நின்றுகொண்டு, தோளுக்கு மேலாக விளக்கைப் பிடித்து, நான் அடி வைக்க வேண்டிய இடத்தில் வெளிச்சத்தை விழச் செய்தார். "பெலான் பெலான், பாச்சிக்", மெதுவாக மெதுவாக என்று மட்டும் அவ்வப்போது. நான் நின்றால் அவரும் நின்றார்.

கேம் கோர் போய்ச் சேர்ந்தது 8.50. கிளம்பியதிலிருந்து பதினாறு மணி நேரத்துக்கு மேல். பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "அங்கிள் வந்துட்டாரா?" என்று யாரோ கேட்டார்கள். தம்பி மகன் எழுந்து ஓடி வந்தான், அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் போய்விட்டது. அந்த ஒராங் அஸ்லி தம்பியிடம் மறுநாள் கேட்டேன், நான் வரவில்லை என்று எப்படித் தெரிந்தது என்று. மூட்டைகளை எண்ணினாராம். பதினொன்று இருக்க வேண்டியது, பத்துதான் இருந்ததாம்.

ஆசிரியர் அவர்களே, இந்த இடத்தில் என் பழைய வேலையைக் கொஞ்சம் சொல்கிறேன். ரயிலின் கடைசிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு இருக்கும். டெயில் லேம்ப், நாங்கள் வால் விளக்கு என்போம். பயணிகளுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. ஆனால் ஒற்றைத் தண்டவாளத்தில் ஸ்டேஷனில் நிற்கிறவனுக்கு இன்ஜின் வந்தது செய்தியே அல்ல. வால் விளக்கைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வண்டி முழுதாக வந்து சேர்ந்தது என்று பொருள், அதற்கு அப்புறம்தான் பாதையை அடுத்த வண்டிக்குக் கொடுக்கலாம். விளக்கு தெரியவில்லை என்றால் பெட்டி ஏதோ கழன்று நடுவழியில் நிற்கிறது என்று வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். பின்னால் இருக்கும் என்று நினைத்தேன் என்றெல்லாம் சொல்ல முடியாது, வேலை போய்விடும். மழையில் குடையைக்கூடப் பிடிக்காமல் அந்தச் சிவப்புப் புள்ளியைத் தேடி நின்ற இரவுகள் எத்தனையோ. அப்படிப்பட்ட நானே பெர்மாத்தாங்கில் தலையாட்டினேன் பாருங்கள், அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அதனால் அந்த வாசகருக்கு என் பதில் வயதைப் பற்றியது அல்ல. அன்று என் இடத்தில் முட்டி பிசகிய இருபத்தைந்து வயதுப் பெண் இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். கூட்டம் சேர்த்து மலைக்குப் போகும் நம் பிள்ளைகளிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. கடைசியில் வரும் ஆள் யார் என்று கிளம்பும் முன்பே பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள், அந்த ஆள் பலசாலியாக இருக்கட்டும், அவர் கையில் ஒரு வாக்கி டாக்கி இருக்கட்டும். அங்கே கைப்பேசியை நம்ப முடியாது. மெதுவாக நடப்பவரை முன்னால் விட்டால் இன்னும் நல்லது, அப்போது கூட்டம் தானாகவே சேர்ந்து வரும். உச்சியில் படம் எடுக்கும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். அறிவிப்பில் 'நடுத்தரம்' என்று போடுவதைவிட, மூன்றாம் நாள் பன்னிரண்டு மணி நேரத்திலிருந்து பதினாறு மணி நேரம், பாதிக்கு மேல் இறக்கம், இருட்டலாம் என்று போடுங்கள். படித்துவிட்டு வராதவர் வராமல் இருக்கட்டும். அந்த ஒரு வரி இருந்திருந்தால் நான் ஐந்து கிலோவை வீட்டிலேயே வைத்திருப்பேன். ஊறுகாயைத் தவிர.

நாலாம் நாள் ஆற்றைக் கடந்து நடந்து கோலா ஜூராம் வந்து சேர்ந்ததைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அன்று தலைவர் பையன் என்னோடேயே கடைசியில் நடந்தான். வழியெல்லாம் ரயில்வே கதை கேட்டுக்கொண்டு வந்தான். சுங்கை ரெலாவில் அதே அதிகாரி. காலிப் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தேன், சிரித்துக்கொண்டே அடித்துக் கழித்தார்.

வருகிற மார்ச்சில் அதே கூட்டம் மறுபடி போகிறது. நானும் பெயர் கொடுத்திருக்கிறேன், மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். போன வாரம் சௌக்கிட்டில் ஒரு கடையில், கடைசியில் நடப்பவரின் மூட்டையில் மாட்டுவதற்குச் சிவப்பு விளக்கு ஒன்று வாங்கினேன். எந்த மாடல் சைக்கிளுக்கு என்று கடைக்காரர் கேட்டார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர்,
செந்தூல், கோலாலம்பூர்.